காலேஜ் கட்டணமும் கைக்கு வரும் சம்பளமும்

(புது தில்லி முனிர்காவில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பிரவசனம் செய்பவன் அல்ல. மத்திய அரசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளிலிருந்து என் வீட்டு போன் ஓயாது. "மாமா, பையனுக்கு ஸீட் கிடைச்சுடுத்து. நாலு வருஷத்துக்குப் பதினாறு லட்சம் ஆகும்கறா. சேர்த்துடலாமா?" அதனால் இன்று ஒரு மணி நேரம் கணக்கு மட்டும் பேசப் போகிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த முனிர்காவைப் பாருங்கள். ஒரு பக்கம் ஐ.ஐ.டி., ஒரு பக்கம் ஜே.என்.யு. அந்த ஜே.என்.யு.விலும் 2018 முதல் இன்ஜினீயரிங் வந்துவிட்டது. பேர் சராய், கட்வாரியா சராய் பக்கம் போனால் சந்துக்குச் சந்து கோச்சிங் பலகை, புத்தகக் கடை, ஜெராக்ஸ் கடை. மலை மந்திரில் தரிசனம் முடித்து வெளியே வரும்போதுகூட நம்மவர்கள் பேசுவது ரேங்க், கட்-ஆஃப் இரண்டும்தான். 'எந்தக் காலேஜ்?' என்று கேட்கிறோம். 'எந்த பிராஞ்ச்?' என்று கேட்கிறோம். 'இந்தப் பணத்தை யார், எத்தனை வருஷம், எந்தச் சம்பளத்திலிருந்து அடைக்கப் போகிறார்?' என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால் குழந்தையின் படிப்புக்குக் கணக்குப் பார்த்த பாவம் வந்துவிடும் என்று ஒரு பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நம் முந்தைய தலைமுறை நிலத்தை விற்றும் நகையை வைத்தும் படிக்க வைத்தது, அது பலித்தது. டாக்டர் அப்துல் கலாம் 1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் அளவில் தேவைப்பட்டது. அவருடைய சகோதரி ஜொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். கேட்கும்போது கண் கலங்கும். ஆனால் கணக்கப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அங்கே இன்னொன்றும் தெரியும். அன்று தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணலாம். படித்து வந்தவர்களுக்காக வேலை காத்திருந்தது. அடகு வைத்த நகை ஓரிரு வருஷச் சம்பளத்தில் திரும்பி வந்துவிடும்.

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு முன் நம்மவர்கள் கர்நாடகத்துக்குப் போய் நன்கொடை கட்டிச் சேர்ந்தார்கள். பின்னாளில் தமிழ்நாட்டில் மட்டும் ஐந்நூறு கல்லூரிகளுக்கு மேல் வந்தன. வளையலை அடகு வைக்கும் மனசு மாறவில்லை. வளையலுக்கு எதிரே கிடைக்கும் பொருள்தான் மாறிவிட்டது. ஆகவே கலாமின் கதையைச் சொல்லி இன்று யாரையும் வளையலைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

இப்போது பேப்பர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினாறு லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 4 லட்சம், நாலு வருஷம், முழுவதும் வங்கிக் கடன், வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கமான விதி. கட்ட வேண்டாமே தவிர, வட்டி தூங்குவதில்லை. முதல் 4 லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி, இரண்டாவதற்கு நாலு, மூன்றாவதற்கு மூன்று, கடைசி 4 லட்சத்துக்கு இரண்டு. தனி வட்டியாகப் போட்டாலே 5 லட்சத்து 60 ஆயிரம். தவணை ஆரம்பிக்கும் நாளில் பையன் தலையில் இருப்பது 21 லட்சத்து 60 ஆயிரம். பத்து வருஷத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 28,500 ரூபாய். மொத்தம் கட்டி முடிப்பது 34 லட்சத்துக்கு மேல்.

அந்தப் பக்கம் வரவைப் பாருங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கூட்டமாக எடுக்கும் புதியவர்களுக்குக் கொடுப்பது வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. இடையில் அரிசி விலை ஏறியது, பெங்களூரில் வாடகை ஏறியது, காலேஜ் கட்டணம் ஏறியது. இந்த ஒன்று மட்டும் ஏறவில்லை. அந்த மூன்றரை லட்சமும் 'சி.டி.சி.' கணக்கு. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வந்தால் வரும் என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் 25,000. தவணை 28,500. பையன் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பஸ் ஏறாமல் இருந்தாலும் மாதம் 3,500 ரூபாய் அப்பா அனுப்ப வேண்டும். அப்பா அப்போது ரிட்டயர் ஆகியிருப்பார்.

'எல்லோருக்குமா மூன்றரை லட்சம்? பத்திரிகையில் ஒரு கோடி பேக்கேஜ் என்று போட்டிருந்ததே?' என்பீர்கள். போட்டிருப்பான். அது வகுப்பிலேயே ஒரு பிள்ளைக்கு வந்தது. நம் பிள்ளைக்கு வரப்போவதை அதை வைத்துக் கணிக்கக் கூடாது. எல்லோருடைய சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் பிள்ளை என்ன வாங்குகிறான் என்று பார்க்க வேண்டும். இதைத்தான் 'மீடியன்' என்கிறார்கள். சராசரியைக்கூட நம்பாதீர்கள். ஒரு கோடிக்காரன் ஒருவன் இருந்தால் சராசரி தானே உயர்ந்துவிடும்.

இந்த நடுச் சம்பளத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மத்திய கல்வி அமைச்சகம் 2016 முதல் என்.ஐ.ஆர்.எஃப். என்ற தரவரிசையை வெளியிடுகிறது. நம்மவர்கள் அதில் 'எத்தனையாவது ராங்க்' என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த விவரத்தாள் அதே இணையதளத்தில் இருக்கிறது. நாலு வருஷப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள் என்று மூன்று வருஷ விவரம் அதில் வரிசையாக இருக்கும்.

படிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். நடுச் சம்பளம் என்பது வேலை கிடைத்தவர்களுக்குள் நடு. உதாரணமாக நூறு பேர் தேறி, அறுபது பேருக்கு வேலை, நடுச் சம்பளம் 4 லட்சம் என்று இருந்தால், 4 லட்சத்துக்கு மேல் வாங்கியவர் நூற்றுக்கு முப்பது பேர்தான். மேற்படிப்புக்குப் போனவர்களைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் மீதிப் பேர் எங்கே என்ற கேள்வி நிற்கும். தவிர, இது எல்லா பிராஞ்சும் சேர்ந்த எண், கல்லூரி தானே கொடுத்த எண். ஆகவே உங்கள் பிள்ளை சேரப்போகும் பிராஞ்சில் போன வருஷம் முடித்த நாலு பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். காலேஜ் அறிமுகப்படுத்தும் பிள்ளைகள் வேண்டாம், நீங்களே தேடிய பிள்ளைகளாக இருக்கட்டும்.

காலமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலுமே மொத்த ஊழியர் எண்ணிக்கை குறைந்தது. நாலு வருஷம் முன்னால் சேர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? கணக்கில் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சூசகம் வங்கியிடமே இருக்கிறது. வழக்கமான கல்விக் கடன் விதிப்படி ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். ஆனால் ஸ்டேட் வங்கி போன்றவை சில கல்லூரிகளைப் பட்டியல் போட்டு, அங்கே சேர்ந்தால் அதற்கு மேலும் அடமானம் இல்லாமல் கொடுக்கின்றன. ஏன்? அங்கே படித்தவன் திருப்பிக் கட்டிவிடுவான் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் காலேஜுக்கு வங்கி உங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறது என்றால், பிள்ளையின் சம்பளத்தை நம்பி அந்தக் கடனை அது கொடுக்கவில்லை. உங்கள் வீட்டை நம்பிக் கொடுக்கிறது.

அடுத்து, எந்த ஸீட்டுக்கு என்ன விலை என்று பார்ப்போம். ஐ.ஐ.டி.யில் கல்விக் கட்டணத்தை 2016-ல் 90,000-லிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். அதே வருஷம் என்.ஐ.டி.களில் 70,000 ஒன்றேகால் லட்சமானது. 'ஐயோ' என்று நம்மவர்கள் பயந்தார்கள். ஆனால் அதோடு ஒரு சலுகையும் வந்தது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம்வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பொதுப் பிரிவினருக்கும் இது உண்டு. கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர், சமையல் காண்ட்ராக்டில் இருப்பவர், தனியார் ஆபீசில் குமாஸ்தா என்று நம்மில் எத்தனை குடும்பங்கள் இந்த வரம்புக்குள் வருகின்றன! விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தில்லிவாசிகளுக்கு இன்னொரு பாக்கியம். 1941-ல் தில்லி பாலிடெக்னிக்காகத் தொடங்கி 2009-ல் பல்கலைக்கழகமான டி.டி.யு. உட்பட மாநில அரசின் இன்ஜினீயரிங் பல்கலைக்கழகங்களில் 85 சதவீத இடம் தில்லிப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு. நம் டி.டி.இ.ஏ. பள்ளிக் குழந்தைகளும் அதில் அடக்கம். கட்டணம் வருஷத்துக்கு 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் ஹாஸ்டல் செலவு இல்லை. சாதம் வீட்டிலேயே.

தமிழ்நாட்டில் கலந்தாய்வு மூலம் தனியார் கல்லூரியில் கிடைக்கும் இடத்துக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணம் 50,000 அல்லது 55,000, மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000 அல்லது 87,000. அதற்கு மேல் ரசீது இல்லாமல் கேட்பது எல்லாம் நன்கொடை. 1992-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடுத்த விஷயம் அது. ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. அது எங்கிருந்து வருகிறது? அப்பாவின் பி.எஃப்.பிலிருந்தும் அம்மாவின் கழுத்திலிருந்தும் வருகிறது. சில தனியார் பல்கலைக்கழகங்களில் தேர்வு ராங்குக்கு ஏற்ப ஒரே படிப்புக்கு ஐந்து வகைக் கட்டணம். ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே டிகிரி. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கட்டுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டி நம் பிள்ளை உட்காருவான். சம்பளம் கொடுப்பவன் கட்டண வகையைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 முதல் பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு மத்திய அரசுக் கல்லூரிகளில் 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் 1,000 சதுர அடியோ அதற்கு மேலோ வீடு இருந்தாலும், ஐந்து ஏக்கர் நிலம் இருந்தாலும் கிடையாது. சான்றிதழ் அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். கவுன்ஸலிங் நேரத்தில் ஓடினால் நடக்காது. தமிழ்நாடு அரசு தன் சேர்க்கையில் இதை நடைமுறைப்படுத்தவில்லை. தெற்கே அனுப்ப நினைப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம்வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. பெண் குழந்தைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை வருஷத்துக்கு 50,000. ஐ.ஐ.டி.களில் 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்பீர்கள். அது பழைய வரி முறையில் மட்டும். மூன்றரை லட்சம் சம்பளக்காரனுக்கு வரியே வராதபோது சலுகையால் என்ன லாபம்?

இன்ஜினீயரிங்குக்கு ஒரே ஒரு வாசல்தான் என்பதும் தப்பு. பத்தாவதுக்குப் பின் அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்து நேராக இரண்டாம் வருஷ இன்ஜினீயரிங்கில் சேரலாம். செலவு ஒரு பங்குதான். நல்ல பி.எஸ்.சி. முடித்து எம்.சி.ஏ., எம்.எஸ்.சி. என்று போகலாம். சுமாரான காலேஜில் குறைந்த செலவில் பி.இ. முடித்து, கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். கடைசியாகப் படித்த இடத்தைத்தான் வேலை கொடுப்பவன் முதலில் பார்ப்பான். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பித்த டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. கட்டாயமில்லை. வீட்டிலிருந்து பாடம், நேரில் பரீட்சை. பாடம் கடினம், பாதியில் விடுபவர்களும் உண்டு. ஆனால் பாதியில் விட்டாலும் வீட்டை இழக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் கணக்குப் போடாமல் செய்ததால்தான் சொல்கிறேன்.

2008-ல் என் பிள்ளைக்குத் தெற்கே ஒரு தனியார் காலேஜில் இடம் வாங்கினேன். ரசீதோடு கொஞ்சம், ரசீது இல்லாமல் கொஞ்சம். ஆபீசில் மற்றவர்களுடைய பி.எஃப். அட்வான்ஸ் பில்லையெல்லாம் நாலு தடவை சரிபார்ப்பவன், என்னுடையதைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். 'நூற்றுக்கு நூறு வேலை' என்று புத்தகத்தில் அச்சடித்திருந்தார்கள். வேலைக்கான கடிதம் வந்தது. அழைப்பு வரப் பத்து மாசம் ஆயிற்று. பிள்ளை இன்று நன்றாக இருக்கிறான், பகவான் கிருபை.

2011-ல் என் பெண் பன்னிரண்டாவது முடித்தாள். தில்லியிலேயே ஓர் அரசுக் காலேஜில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்தது. அண்ணாவுக்கு ஆன செலவில் பாதிகூட ஆகாது. என்னிடம் அந்தப் பாதியும் இல்லை. "இந்த வருஷம் முடியாதும்மா. பி.எஸ்.சி. சேர்ந்துடு" என்றேன். சேர்ந்தாள். புள்ளியியல் படித்தாள், மேலேயும் படித்தாள், கெட்டிக்காரி, இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு வந்தபோது, தன் குழந்தையின் ஸ்கூல் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே நிமிராமல் கேட்டாள். "அப்பா, அன்னிக்கு அண்ணாவோட கணக்கைப் பார்த்தேளே, என் கணக்கை யார் பார்த்தா?"

எனக்குப் பதில் இல்லை. அண்ணாவுடைய கணக்கையும் நான் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம். பார்த்திருந்தால் இருவருக்கும் போதும்படி பணம் இருந்தது. ஒரு ஸீட்டுக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை, அந்தப் பணத்தால் வீட்டில் வேறு யாருக்கு என்ன செய்ய முடியாமல் போகிறது என்பது. எந்தக் கட்டண அட்டவணையிலும் அது இருக்காது.

ஆகவே மூன்று விதி சொல்லி முடிக்கிறேன்.

முதல் விதி. படிப்புக்காக வாங்கும் மொத்தக் கடன், அந்தக் காலேஜில் அந்த பிராஞ்சில் நடுவில் நிற்கும் பிள்ளையின் முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. மூன்றரை லட்சம் சம்பளம் என்றால் மூன்றரை லட்சம் கடன். முன்பு போட்ட மாதிரியே போட்டுப் பாருங்கள், தவணை சுமார் 6,200 ரூபாய் வரும். கைக்கு வருவதில் கால் பங்கு. குழந்தை மூச்சு விடலாம். ஸீட் உண்மையிலேயே உயர்ந்தது, நடுச் சம்பளம் பன்னிரண்டு லட்சம் என்றால் பன்னிரண்டு லட்சமும் வாங்கலாம், தைரியமாக வாங்குங்கள். செலவே செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

இரண்டாவது விதி. இருக்கும் வீட்டையும், ரிட்டயர்மெண்டுக்கு வைத்ததையும் தொடாதீர்கள். பிள்ளைக்குப் படிப்புக் கடன் கிடைக்கும். முதுமைக்குக் கடன் கொடுக்கும் வங்கி கிடையாது. கடைசியில் அந்தச் செலவும் அதே பிள்ளையின் தலையில்தான் விழும்.

மூன்றாவது விதி. முதல் குழந்தையின் அட்மிஷனுக்கு முன் எல்லாக் குழந்தைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதுங்கள். பெண் பெயரையும் எழுதுங்கள். கையிலுள்ளதை முதலில் பங்கு போடுங்கள், பிறகு காலேஜைத் தேடுங்கள். அந்தத் தாளைக் குழந்தைகளுக்கு முன்னால் வைத்து எழுதுங்கள். பதினேழு வயசுக் குழந்தைக்கு ஜே.இ.இ. கணக்குப் புரியும் என்றால் இந்தக் கணக்கும் புரியும்.

காபி தயாராகிவிட்டது என்று மாமி சைகை காட்டுகிறார். பின்னால் மேஜையில் பேப்பரும் கால்குலேட்டரும் வைத்திருக்கிறேன். இந்த வருஷம் சேர்க்கப் போகிறவர்கள் ஃபீஸ் விவரத்தோடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து போடுவோம். குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.